தடுத்தது போகட்டும், அனுமதித்தது என்ன?

மாத இறுதியில் ஃபயர்வால் அனுப்பும் அறிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண்: இத்தனை லட்சம் தாக்குதல்கள் தடுக்கப்பட்டன. அதன் கீழே உலக வரைபடம், அதில் சில நாடுகள் சிவப்பு நிறத்தில். அடுத்த பக்கத்தில் வண்ண வண்ண வட்டப்படங்கள். அலுவலக நிர்வாகம் முதல் பக்கத்தைப் பார்த்து, போட்ட பணம் வீண்போகவில்லை என்று கோப்பில் சேர்த்துவிடுகிறது. வீட்டுக் கணினியில் அதே மாதிரி எண்ணைப் பார்த்தவருக்குத் தூக்கம் கெட்டுவிடுகிறது. இருவருமே அறிக்கையைப் படிக்கவில்லை. அந்தப் பெரிய எண்ணில் பாதுகாப்பு பற்றிய செய்தி மிகக் குறைவு. செய்தி இருப்பது யாரும் புரட்டாத பக்கங்களில்: எது அனுமதிக்கப்பட்டது, எது உள்ளிருந்து வெளியே போனது என்ற பக்கங்களில்.

இதை விளங்கிக்கொள்ள ஃபயர்வாலின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1980களின் இறுதியில் வந்த முதல் தலைமுறை ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகப் பார்த்தது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த போர்ட் என்று பார்த்து விதிப்படி விட்டது அல்லது தள்ளியது. 1990களின் நடுவில் பரவிய அடுத்த தலைமுறை, நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளை ஒரு பட்டியலில் நினைவு வைத்துக்கொண்டது. உள்ளிருந்து ஒருவர் ஒரு தளத்தைக் கேட்டால் அதற்கான பதிலை உள்ளே விடும். யாரும் கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். 2001-இல் லினக்ஸ் 2.4 கெர்னலோடு வந்த ஐபிடேபிள்ஸ் இந்த வசதியைச் செலவில்லாமல் எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. விண்டோஸில் ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலை, 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் ஏற்பட்டது. அறிக்கையில் வீண் பயத்தைக் கிளப்பும் வரிகளில் பெரும்பகுதி இந்த நினைவுப் பட்டியலிலிருந்து பிறப்பவை.

ஒரு கணினியின் பதிவிலிருந்து இப்படி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

2024-03-14 10:42:07 டிராப் டிசிபி 203.0.113.45 192.168.1.12 443 52514 40 ஃபின்-ஆக்

தேதி, நேரம். டிராப் என்றால் பதில் சொல்லாமல் தள்ளிவிட்டது என்று பொருள். அடுத்து வழிமுறை, பிறகு அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி. 443 அனுப்பியவரின் போர்ட், 52514 நம்முடைய போர்ட், 40 என்பது பாக்கெட்டின் அளவு பைட்டில். கடைசியில் இருப்பது டிசிபி கொடி. வெளியூர் முகவரி ஒன்று நம் கணினியின் 52514 போர்ட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறது என்று முதல் பார்வைக்குத் தோன்றும். நடந்தது வேறு. 443 என்பது பாதுகாப்பான வலைத்தளங்களுக்கான போர்ட். 49152 முதல் 65535 வரையிலான எண்களை, விண்டோஸ் தான் வெளியே போகும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் வெளியே போனவர் நாம்தான். உலாவியை மூடிவிட்டோம், கணினியும் அந்த இணைப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சர்வர் விடைபெறும் முகமாக அனுப்பிய ஃபின் பாக்கெட் சற்றுத் தாமதமாக வந்தது. பட்டியலில் அந்த இணைப்பு இல்லாததால் ஃபயர்வால் அதை அந்நியமாக நினைத்துத் தள்ளிவிட்டது. தாக்குதலும் இல்லை, ஸ்கேனும் இல்லை. அனுப்பியவர் போர்ட் 443 அல்லது 80 ஆகவும், நம் போர்ட் பெரிய எண்ணாகவும், கொடி ஃபின், ஆக், ரீசெட் இவற்றில் ஒன்றாகவும் இருந்தால் பத்தில் ஒன்பது தடவை கதை இதுதான். புதிதாகக் கதவைத் தட்டுபவர் சின் கொடியோடு மட்டும் வருவார்.

இப்படிப்பட்ட வரிகளையும் தாக்குதல் கணக்கில் சேர்த்து எண்ணும் அறிக்கைகள் உண்டு. இன்னொரு பெருக்கலும் நடக்கிறது. ஒரே ஸ்கேனர் ஒரே இரவில் நம் முகவரியின் ஆயிரம் போர்ட்டுகளைத் தட்டினால் அது ஆயிரம் தாக்குதலாக எழுதப்படுகிறது. இந்த எண்ணை மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டு, தாக்குதல் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று கூட்டத்தில் பேசுவதால் எந்தப் பயனும் இல்லை. நம் விதிகளில் ஒன்றைத் திருத்தினாலே எண் பாதியாகிவிடும்.

வீட்டுக்குள்ளேயே எழும் இரைச்சலும் உண்டு. 239.255.255.250 என்ற முகவரிக்கு 1900 போர்ட்டில் போகும் பாக்கெட்டுகள், 224.0.0.251-க்கு 5353-இல் போகும் பாக்கெட்டுகள் எல்லாம் டிவியும் பிரிண்டரும் செல்போனும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்பவை. 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கும் முகவரிகள் உள் வலையமைப்புக்கு ஒதுக்கப்பட்டவை. அவை வெளியூர் ஆட்கள் அல்ல. இவற்றைப் பதிவிலிருந்து விலக்கி வைத்தாலே பாதி பாரம் குறைந்துவிடும்.

உண்மையிலேயே வெளியிலிருந்து வருவதைப் பார்ப்போம். இணையத்தில் ஒரு பொது முகவரியை இணைத்துவிட்டுச் சும்மா இருந்தால், சில நிமிடங்களிலேயே யாராவது தட்டுவார்கள். தட்டுபவருக்கு நம் பெயர் தெரியாது, நம்மிடம் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஐபி பதிப்பு 4-இல் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-இல் உருவான ஸீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஷோடான், சென்சிஸ் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. இவர்களோடு புழுக்களும் சேர்ந்துகொள்கின்றன. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாம்மர் புழுவின் நிரல் வெறும் 376 பைட். யுடிபி 1434 போர்ட்டில் ஒரே பாக்கெட்டாகப் போய், பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்தில் பிடித்தது. பல ஆண்டுகள் கழித்தும் ஃபயர்வால் பதிவுகளில் அதன் பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. 23, 2323 என்று தொடர்ந்து வரும் தட்டல்கள் 2016-இல் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்த மிராய் குடும்பத்தின் பழக்கம். மிராய்க்கு ஓர் அடையாளம்கூட உண்டு: அது அனுப்பும் சின் பாக்கெட்டின் வரிசை எண், தட்டப்படும் முகவரியின் எண் மதிப்பாகவே இருக்கும். 445 போர்ட்டில் 2008-இல் கான்ஃபிக்கர், 2017 மே 12 அன்று வான்னாக்ரை. 3389-இல் வருபவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருக்கும் ஆள் கிடைப்பாரா என்று தேடுபவர்கள்.

தனி ஒருவருடைய பதிவில் இவையெல்லாம் வெறும் இரைச்சல். ஆயிரக்கணக்கானோர் பதிவைச் சேர்த்தால் அதே இரைச்சல் தகவலாகிவிடும். 2000-இல் யோஹானஸ் உல்ரிச் தொடங்கிய டீஷீல்ட் இதைத்தான் செய்தது: தன்னார்வலர்கள் தங்கள் ஃபயர்வால் பதிவுகளை அனுப்புவார்கள், எந்த போர்ட்டில் திடீரென்று தட்டல் கூடுகிறது என்று கணக்குப் பார்க்கப்படும். 2001 மார்ச்சில் 53 போர்ட்டில் தட்டல்கள் எகிறியபோது, லயன் என்ற லினக்ஸ் புழு பரவுவதை இப்படிப்பட்ட பதிவுகளே காட்டிக்கொடுத்தன. சான்ஸ் நிறுவனத்தின் இன்டர்நெட் ஸ்டார்ம் சென்டர் இன்றும் இந்த வேலையைத் தொடர்கிறது. தடுக்கப்பட்ட பாக்கெட்டுகளுக்கு உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அவை நம்மைப் பற்றிச் சொல்வது குறைவு, உலகத்தைப் பற்றிச் சொல்வது அதிகம்.

நாம் கேட்காமலே வரும் சின்-ஆக் பாக்கெட்டுகளும் இந்த வகைதான். சின்-ஆக் என்பது ஒரு பதில். நாம் தட்டாமல் பதில் வருகிறது என்றால், வேறு யாரோ நம் முகவரியைப் பொய்யாகப் போட்டு ஒரு சர்வரைத் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாவப்பட்ட சர்வர் நமக்குப் பதில் அனுப்புகிறது. சான் டியாகோ ஆய்வாளர்கள் 2001-இல் ஏறத்தாழப் பயன்பாட்டிலேயே இல்லாத பெரிய முகவரித் தொகுதி ஒன்றில் இப்படி வந்து விழுந்த பதில்களை மட்டும் சேகரித்து, மூன்று வாரத்தில் 5,000-க்கும் மேற்பட்ட இலக்குகள் மீது 12,000-க்கும் மேற்பட்ட சேவைமுடக்கத் தாக்குதல்கள் நடந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இத்தகைய வரியைப் பார்த்து அந்த சர்வரின் உரிமையாளருக்குப் புகார் எழுதினால், அடி வாங்கியவரையே குற்றவாளியாக்கிவிடுவோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். தடுக்கப்பட்டது தடுக்கப்பட்டாயிற்று. சேதம் செய்தவை எல்லாம் ஃபயர்வால் அனுமதித்தவை. அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து 2013-இல் 4 கோடி அட்டை எண்கள் திருடுபோனபோது, நவம்பர் 30 அன்றே கண்காணிப்புக் கருவி எச்சரித்துவிட்டது. பெங்களூரிலிருந்த குழு அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்று புளூம்பெர்க் பிசினஸ்வீக் எழுதியது. அங்கே யாரும் அசையவில்லை. டிசம்பர் 2 முதல் தரவு வெளியே போகத் தொடங்கியது. கடைசியில் அமெரிக்க நீதித்துறை வந்து சொன்ன பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. வலைத்தளம் பார்ப்பதுபோல, கோப்பு அனுப்புவதுபோல, உள்ளிருந்து வெளியே போன சாதாரண இணைப்புகள் அவை.

2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சன்பர்ஸ்ட் என்ற தீநிரல் இன்னும் நுட்பமானது. சோலார்விண்ட்ஸ் ஓரியான் மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து 18,000 வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேர்ந்த அது, முதல் இரண்டு வாரம் எதுவும் செய்யாமல் படுத்திருந்தது. பிறகு, தளப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வியின் பெயருக்குள்ளேயே அந்த நிறுவனத்தின் அடையாளத்தைப் பொதிந்து வெளியே அனுப்பியது. தாக்கியவர்கள் பயன்படுத்திய சர்வர் முகவரிகள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் நாட்டிலேயே இருந்தன. வரைபடத்தில் எந்த நாடும் சிவக்கவில்லை. எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்கும் அறிக்கைகளை நம்பியிருப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தையாவது ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஆகவே எந்த அறிக்கையை எடுத்தாலும், வெளியே போனவற்றை உள்ளே இருக்கும் கருவி வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நடத்தை உண்டு. பிரிண்டர் இணையத்தோடு பேசவேண்டிய தேவை மிகக் குறைவு. ஆண்ட்ராய்டு செல்போன் கூகுளின் 5228 போர்ட்டோடும், ஐபோன் ஆப்பிளின் 5223-ஓடும் நாள் முழுக்கத் தொடர்பில் இருக்கும். அறிவிப்புகள் அந்த வழியாகத்தான் வருகின்றன. கணக்குப் பிள்ளையின் கணினி காலை ஒன்பது மணிக்கு விழித்து மாலையில் உறங்கும். நம்மூர்க் கடைகளில் சிசிடிவி டிவிஆரை முதலாளி வீட்டிலிருந்து செல்போனில் பார்க்க வேண்டும் என்பதற்காக, பொருத்த வந்தவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிட்டுப் போகிறார். பாஸ்வேர்டு தொழிற்சாலையில் வைத்ததே. அந்த டிவிஆர் 23 போர்ட்டில் ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான முகவரிகளைத் தட்டிக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே கைமாறிவிட்டது. தடுக்கப்பட்ட தாக்குதல்கள் என்ற எண்ணில் இது வரவே வராது. வெளியே போவதைத் தடுக்கும் விதி இல்லாத இடத்தில் அது அனுமதிக்கப்பட்ட இணைப்பு.

உள்ளே நுழைந்த தீநிரல் தன் எஜமானனுடன் பேசும் விதத்தைப் பதிவில் காண முடியும். குறிப்பிட்ட இடைவெளியில், உதாரணமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஒரே அளவு பைட்டுகளோடு, ஒரே முகவரிக்கு இணைப்பு போகும். சாப்பாட்டு நேரத்திலும் போகும், ஞாயிற்றுக்கிழமையும் போகும், பொங்கல் விடுமுறையிலும் போகும். மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகத் தளங்களைப் பார்ப்பதில்லை. ஒழுங்கு இருந்தாலே திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. நேரம் சரிபார்க்கும் என்டிபி, வைரஸ் தடுப்பானின் அப்டேட், கிளவுட் சேமிப்பு எல்லாமே முறை தவறாமல் பேசுபவைதான். இங்கே மூன்று கேள்விகள் உதவும். இந்தக் கருவி இந்த முகவரியோடு முதன்முதலில் எப்போது பேசியது? அலுவலகத்தில் வேறு எந்தக் கருவியாவது அதனோடு பேசுகிறதா? வாங்குவது அதிகமா, கொடுப்பது அதிகமா? சாதாரணப் பயனாளர் எப்போதும் வாங்குபவர்தான். ஒரு கணினி இரவு இரண்டு மணிக்குப் பல ஜிகாபைட் வெளியே கொடுத்திருந்தால், அது பேக்கப்பா என்று உடனே விசாரிக்க வேண்டும். பேக்கப்பாகவே இருந்தாலும் விசாரித்தது வீணில்லை. இனி அந்த வரியை அடையாளம் தெரியும்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியலாளரான கிளிஃப் ஸ்டோல் அதை விடாமல் துருவினார். உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, ஊடுருவியவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எடுத்தார். பல மாதம் கழித்து அந்தத் தடம் ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடமும், அங்கிருந்து சோவியத் உளவு அமைப்பிடமும் கொண்டுபோய் விட்டது. ஸ்டோலிடம் இன்றைய ஃபயர்வால் இல்லை. எது வழக்கம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் 75 சென்ட் கண்ணில் பட்டது. ஃபயர்வால் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மார்க்கஸ் ரேனம் 1997-இல் இதையே ஒரு செய்முறையாக எழுதினார். தெரிந்த, பாதகமில்லாத வரிகளை ஒவ்வொன்றாக வடிகட்டிக் கழித்துக்கொண்டே வாருங்கள், மிஞ்சுவதைப் படியுங்கள் என்பது அதன் சாரம். இன்று லட்ச ரூபாய் மென்பொருள்கள் செய்வதாகச் சொல்லும் பல காரியங்களின் அடிப்படை இதுதான். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து கழித்தால் சிறிய அலுவலகத்தின் பதிவு ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு ஆள் ஒதுக்காமல் விலையுயர்ந்த பெட்டி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முகவரியை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு முகவரி ஒரு நாட்டில் பதிவாகியிருக்கிறது என்றால், அங்கே ஒரு சர்வரை யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அல்லது யாருடைய ரவுட்டரோ கைமாறியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் உறுதியில்லை. நம் செல்போன் நிறுவனங்களோ ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இருபது குடித்தனம் இருக்கும் வளவு வீட்டின் கதவிலக்கத்தை மட்டும் எழுதி, பெயரை விட்டுவிட்ட கடிதம்போலத்தான் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாத ஐபி முகவரி. எந்தச் சந்தாதாரர் என்று நிறுவனத்தால்கூடச் சொல்ல முடியாது. புகார் கொடுக்கும்போது முகவரியை மட்டும் எழுதிக் கொடுப்பவர்களின் புகார் நகராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறியாக்கம் பரவப் பரவ ஃபயர்வாலின் பார்வையும் மங்கி வருகிறது. டிஎன்எஸ் கேள்விகளே இப்போது 443 வழியாக, மற்ற வலைப் போக்குவரத்தோடு கலந்து போக முடியும்; 2018-இல் அதற்கான தரநிலை வந்துவிட்டது. 2021-இல் தரநிலையான குவிக் என்ற வழிமுறை, யுடிபி 443-இல் ஓடுகிறது. பழைய பெட்டிகள் அதை என்னவென்று தெரியாமல் வெறும் யுடிபி என்று எழுதி வைக்கின்றன. எந்தத் தளத்தில் எந்தப் பக்கம் என்று அறிக்கையில் பார்த்துக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. ஊழியர்களின் அந்தரங்கத்தைக் கருதினால் அது நல்லதுதான். யார், யாரோடு, எப்போது, எவ்வளவு என்பவை இன்னும் பதிவில் இருக்கின்றன. மேலே சொன்ன வாசிப்புக்கு அவை போதும்.

பதிவே இல்லாவிட்டால் வாசிக்க ஒன்றும் இல்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் போனபோது, அங்கே ஃபயர்வாலே இல்லை, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் கணினிகள் பத்து டாலர் பழைய ஸ்விட்ச்சுகளில் இணைந்திருந்தன என்று விசாரணை அதிகாரி ராய்ட்டர்ஸிடம் சொன்னார். திருடர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்று பின்னால் கண்டறிவதும் அதனாலேயே கடினமானது. விண்டோஸின் சொந்த ஃபயர்வாலிலும் பதிவு எழுதும் வசதி அணைக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. நாமே போய் இயக்கினாலும் கோப்பின் உச்ச அளவு இயல்பாக 4,096 கிலோபைட். அது நிரம்பியதும் பழைய கோப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பரபரப்பான கணினியில் இது அதிக நாள் தாங்காது, அளவைக் கூட்டி வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி கடிகாரம் பற்றியது. கணினிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு இணைத்துச் சரியாக வைத்திருக்கச் சொல்கிறது. எனக்கு அந்த உத்தரவிலேயே மிகவும் பிடித்த பகுதி அது. ஃபயர்வால் உலகப் பொது நேரத்திலும் சர்வர் இந்திய நேரத்திலும் எழுதினால் இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி விழும். மின்தடைக்குப் பிறகு பேட்டரி செத்த ரவுட்டர் 1970 என்று எழுதத் தொடங்கும். அப்படிப்பட்ட பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்தி என்ன நடந்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

180 நாள் என்பது சிறிய அலுவலகத்தின் ஃபயர்வால் பெட்டிக்குள் அடங்குவதில்லை. பல பெட்டிகளில் சில நாள் பதிவுக்குத்தான் இடம் இருக்கும், சிலவற்றில் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பதிவைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பெட்டியைப் பிடித்தவர் முதலில் அழிப்பது அதைத்தான். அலுவலகத்தில் ஓய்வு கொடுத்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, சிஸ்லாக் மூலம் பதிவுகளை உடனுக்குடன் அதற்கு அனுப்பி, தினமும் சுருக்கி வைத்தால், ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தின் ஆறு மாதப் பதிவு சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். அனுமதிக்கப்பட்ட இணைப்புகளையும் எழுதும்படி விதிகளில் குறித்துவிட வேண்டும். பல பெட்டிகள் கேட்காவிட்டால் தடுத்ததை மட்டும்தான் எழுதுகின்றன.